மாமா அம்மாவைக் கவிழ்த்த ஞாயிறு

கடற்படையில் வேலையில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்து நடத்தும் ஒரு பாய்மரப் படகுச் சங்கத்தில் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி அவர். கப்பலிலேயே பதினைந்து வருஷம் இருந்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்தவருக்குத் தரையில் இருப்புக் கொள்ளவில்லை. காவிரி நிறைந்திருக்கும் மாதங்களில், முக்கொம்புக்கு மேலே தண்ணீர் ஏரி மாதிரி பரந்து நிற்கும் இடத்தில், அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பாய்மரப் படகுகளை விடுவார்கள். கடலையே பார்த்தவர்கள் ஆற்றில் கப்பல் விடுகிறார்கள் என்று அப்பா கேலி செய்வார்.

ஒரு ஞாயிறு குடும்பத்தாரையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஓவர்டைம். அம்மாவும் நானும் திருவானைக்காவலிலிருந்து பஸ்ஸில் போனோம். எனக்கு எட்டு வயது. பஸ் பாலத்தில் ஏறினாலே அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை நான்.

மாமா அம்மாவுக்கு லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டினார். என்னைக் கரையில், கழுத்தில் விசில் மாட்டியிருந்த சங்கத்துப் பெரியவர் ஒருவரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கொஞ்ச தூரம் போனதும் மாமா படகின் ஒரே ஓரமாகச் சாய்ந்தார். பாய் தண்ணீரில் படுத்தது. இரண்டு பேரையும் காணோம்.

நான் கத்திய கத்தலுக்குப் பெரியவர் நிதானமாகச் சொன்னார்: “விழல பாப்பா. உங்க மாமாதான் வேணும்னே கவுத்தாரு.”

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ, தீபாவளியன்று அம்மா மாமாவிடம் போட்ட சண்டை நினைவுக்கு வந்துவிட்டது. புதிதாக ஏறுகிறவர் யாரானாலும் ஒரு முறை கவிழ்த்து எழுப்பிய பிறகுதான் தூரமாக அழைத்துப்போவது சங்கத்தின் வழக்கம், அப்போதுதான் பயம் தெளியும் என்றெல்லாம் அவர் விளக்கியது காதில் ஏறவில்லை. நான் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மாமாவின் தலை ஒன்றுதான் இருந்தது. அவர் படகின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பலகையில் ஏறி நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். அம்மாவைத் தேடவே இல்லை. அம்மா கிடைத்தால் மொட்டை போட்டுக்கொள்வதாகச் சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டேன். அதை இன்னும் செய்யவில்லை. அது ஒரு கவலை.

படகு மெல்ல நிமிர்ந்தது. உள்ளே அம்மா கிடந்தாள். மறுபக்கம் படகை ஒட்டி மிதந்தவளை, எழும்போது படகே அள்ளி உள்ளே போட்டிருக்கிறது. இருமினாள், மூக்கைச் சிந்தினாள். பிறகு கரைக்குக் கேட்கும்படி, “டேய், இன்னொரு தடவ கவுத்துடா” என்றாள்.

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது. மூன்று தடவை கவிழ்ந்தார்கள். மூன்று தடவையும் எண்ணினேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் காற்றில் தலையை உலர்த்திக்கொண்டே அம்மா, “அப்பாகிட்ட சொல்லாத” என்றாள். அப்பா திட்டுவார் என்று நினைத்து, பல நாள் அவர் எதிரில் வாயைத் திறக்கவே பயந்தேன். அப்பா திட்டியிருக்க மாட்டார். கேட்டு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, காபி கேட்டிருப்பார். அம்மாவின் அந்த ஞாயிறு அதோடு ஒன்றுமில்லாமல் போயிருக்கும். அம்மா அதற்குத்தான் பயந்தாள் என்பது, எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் கழித்துத்தான் புரிந்தது.