பதினேழாம் கட்டைக்கு நான் வைத்த பெயர்

எங்கள் ஊரின் பெயரை இதில் நான் எழுதப்போவதில்லை. எழுதக் கூடாத ஓரிடத்தில் அதை ஒரு தடவை எழுதிவிட்டேன். இந்தக் கதை அதைப் பற்றியதுதான்.

நாங்கள் இப்போது இருப்பது ஒரு சந்தி. மாங்குளம் பக்கமிருந்து வரும் பஸ்களும் முல்லைத்தீவிலிருந்து வரும் பஸ்களும் இங்கே நின்று போகும். தண்ணீரூற்றில் படிப்பிக்கிற ஆசிரியைகள், கிளினிக் கொப்பியைக் கையில் சுருட்டி வைத்திருக்கும் வயதானவர்கள், மரக்கறி மூட்டைக்காரர்கள் எல்லோரும் இங்கே இறங்கித்தான் அடுத்த பஸ்ஸுக்கு மாறுவார்கள். மூன்றாவது வீதி ஒன்று கடலோரக் களப்பை நோக்கிப் போகிறது. அதில் அரை மணி நேரம் போனால் எங்கள் ஊர். ஊர் இருந்த இடம் என்று சொல்ல வேண்டும். இப்போது அங்கே முட்கம்பி வேலியும் ஒரு பெரிய இரும்பு வாசலும் நிற்கின்றன. அது இராணுவ முகாம். வேலிக்கு அப்பால் தென்னைகளுக்கு நடுவில் எங்கள் கோயிலின் சிலுவை மட்டும் தெரியும்.

போர் முடிந்து, அடைத்து வைத்திருந்த இடத்திலிருந்து எங்களை வெளியே விட்டபோது நான் சிறு பிள்ளை. ஊருக்குக் கொண்டு போவதாகச் சொல்லித்தான் பஸ்ஸில் ஏற்றினார்கள். இறக்கிவிட்டது இந்தச் சந்தியில், புதிதாக வெட்டிய காட்டுக்குள். முதலில் கூடாரம், பிறகு தகரக் கொட்டில், அதற்குப் பிறகு ஒரே அளவில் வரிசையாகக் கல்வீடுகள். தற்காலிகம் என்றார்கள். களப்பில் இறால் பிடித்துச் சீவித்த சனம், உப்புக் காற்று எட்டாத சிவப்பு மண்ணில் குந்தியிருந்தது. அந்த இடத்துக்குப் பெயரே கிடையாது. வீதியோரத்தில் பழைய மைல்கல் ஒன்று சரிந்து கிடந்ததால் பஸ்காரர்கள் அதைப் பதினேழாம் கட்டை என்றார்கள். நாங்களும் அப்படியே சொன்னோம்.

ஒரு சொல்லை மட்டும் நாங்கள் சொல்வதில்லை. களப்பு வீதியில் முகாமுக்கு முன்னால் பஸ் நிற்கிற இடத்தைக் கொண்டக்டர்கள் ‘காம்ப் வாசல்’ என்று கூப்பிடுவார்கள். எங்கள் சனம் அந்த இடத்துக்கு ஊரின் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் கேட்கும். யாரும் கூடித் தீர்மானித்த வழக்கம் அல்ல அது. அப்பா விடியப்புறம் வலையோடு பஸ் ஏறி, ஊரின் பெயரைச் சொல்வார். கொண்டக்டர் ஒன்றும் பேசாமல் கிழித்துக் கொடுப்பார். வாசலில் இறங்கி, வேலியோரமாகச் சுற்றி நடந்துதான் அப்பா களப்புக்குப் போவார். வெளியூர்க்காரர் யாராவது எங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் ‘காம்ப் வாசல்’ என்றால், பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக் கொள்வார்கள். வீட்டில் நான் ஒருநாள் அதைச் சொல்லிவிட்டு அம்மாவிடம் அகப்பைக் காம்பால் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை கண்ட முதல் ஆள் நான். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும், அதுவும் நான் பழக்கியது. தகரக் கொட்டிலில் குப்பி விளக்கில் படித்துப் பல்கலைக்கழகம் போய், புவியியலில் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. வந்த அடுத்த மாதமே கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். காணியை விடுவிக்கச் சொல்லி ஒவ்வொரு வருடமும் அனுப்பும் மனுவை அதன் பிறகு நான்தான் எழுதினேன். அதற்கு முன்பு யாரோ ஒருவரிடம் கெஞ்சி எழுதுவிக்க வேண்டியிருந்தது.

அந்த மனுவுடன் இணைக்க எங்களிடம் அதிகம் இருக்கவில்லை. காணி உறுதிப் பத்திரங்கள் முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழிகளோடு போய்விட்டன. மிஞ்சியது ஊரின் பெயர்தான். பழைய அடையாள அட்டைகளிலும் ஞானஸ்நானப் பத்திரங்களிலும் பிறப்புச் சான்றிதழ்களிலும் அது இருந்தது. நாங்கள் இன்ன ஊர் ஆட்கள், அந்த ஊருக்கு எங்களைப் போக விடுங்கள் என்ற ஒரு வசனத்தில்தான் எல்லா மனுவும் நின்றது.

சந்தியில் பஸ் நிலையம் கட்டத் தொடங்கியது அந்த நாட்களில்தான். கூரை, உட்காரச் சீமெந்து வாங்குகள், கழிவறை, மூன்று பக்க பஸ்ஸுக்கும் தனித்தனி நிறுத்தம். கட்டி முடியும் தறுவாயில் சங்கத்துக்கு ஒரு படிவம் வந்தது. நிலையத்துக்கு மக்கள் விரும்பும் பெயரையும் அதற்கான காரணத்தையும் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். அதற்கு முன்பு எங்களை யாரும் எதையும் கேட்டதாக நினைவில்லை. அந்தப் படிவத்தை நான் இரண்டு மூன்று தடவை வாசித்தேன்.

பூச்சு காயாத நிலையத்திலேயே கூட்டம் வைத்தோம். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், செத்துப்போன தன் தகப்பனின் பெயரை வைத்தால் மணிக்கூடு ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார். ஒரு அக்கா எங்கள் கோயில் புனிதரின் பெயரைச் சொன்னார். வேறு கோயில்காரர் அந்தப் பெயருக்குச் சம்மதிப்பார்களா என்று இன்னொருவர் கேட்டார். களப்பு வீதி பஸ்ஸில் பல வருடமாக ஓடுகிற கொண்டக்டரும் தேத்தண்ணிக் கோப்பையோடு தூணில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பதினேழாம் கட்டை என்றே விடச் சொன்னார் அவர். நித்திரையில் இருக்கிறவனும் அந்தப் பெயருக்கு எழும்பி இறங்குவான் என்றார்.

நான் எழுந்து பேசினேன். அன்றைக்கு நன்றாகப் பேசினேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது. இலக்கம் பெயராகாது என்றேன். ஆளின் பெயரை வைத்தால் அவருடைய ஆட்கள் இருக்கும் வரைக்கும்தான் நிற்கும் என்றேன். மூன்று பக்கச் சனம் வந்து மாறிப் போகிற இடத்துக்கு, அங்கே குடியிருக்கிறவர்கள் யார் என்று சொல்கிற பெயர்தான் வைக்க வேண்டும் என்றேன். பிறகு எங்கள் ஊரின் பெயரைச் சொன்னேன்.

கடைக்காரர் கூடத் தலையை ஆட்டினார். பின் வாங்கிலிருந்த பக்கத்து வீட்டு மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அப்பா என்னைப் பார்க்காமல் தன்னுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் வந்தால் அவர் அப்படித்தான் இருப்பார்.

கொண்டக்டர் மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“தங்கச்சி, ஒரு பேரை ரெண்டு இடத்துக்கு வச்சால் நான் உங்கட அப்பாவை எங்க இறக்கிறது?”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். படித்தவள் அல்லவா, பதிலும் வைத்திருந்தேன். ஊர் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கிற நாளில் அங்கே இறக்கிவிடுங்கள் என்றேன். அதற்குக் கைதட்டினார்கள்.

காரணம் எழுதும் இடத்தில் நான் எழுதிய வசனம் எனக்கு மனப்பாடம். “இங்கு வாழும் நாங்கள் அந்த ஊரின் மக்கள், இதுவே எங்கள் ஊர் என்பதைக் கடந்து செல்லும் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளட்டும்.” எழுதிவிட்டு இரண்டு தடவை உரக்க வாசித்துப் பார்த்தேன். நல்ல வசனமாக இருந்தது. அடியில் செயலாளர் என்று கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன்.

பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் வந்தது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஏணி வைத்து ஏறி நானே பார்த்தேன். அந்த மாதத்தில்தான் பஸ்களுக்கு டிக்கெட் அடிக்கும் மெஷினும் கொடுத்தார்கள். முல்லைத்தீவுச் சந்தையிலிருந்து திரும்பிய அப்பாவின் டிக்கெட்டில் எங்கள் ஊரின் பெயர் அச்சாகியிருந்தது. எந்த எழுத்து எது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்தத் துண்டைச் செபப்புத்தகத்துக்குள் வைத்தார்.

சில மாதம் கழித்து இரண்டு பேர் வாகனத்தில் வந்து நிலையத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. புதுக் கட்டடம் என்றால் படம் எடுக்கத்தானே செய்வார்கள்.

பிறகு மனுவுக்குப் பதில் வந்தது. அத்தனை வருடத்தில் வந்த முதல் பதில் அதுதான். கடிதம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, நான் வேலையால் வந்து இறங்கும் நேரத்துக்குச் சனம் நிலையத்தில் கூடியிருந்தது. தபால்காரர் கடையில் கொடுத்துவிட்டுப் போன உறையை மாமிதான் என் கையில் தந்தார். அங்கேயே பிரித்தேன்.

குறிப்பிட்ட ஊரின் மக்கள் தற்போது அதே பெயரிலுள்ள கிராமத்தில் நிரந்தரமாக மீளக்குடியமர்ந்துள்ளதாகவும், ஆகவே மேலதிக நடவடிக்கை அவசியமில்லை என்றும் எழுதியிருந்தார்கள். ஆதாரமாக ஒரு படம் இணைத்திருந்தது. என் பெயர்ப்பலகை. படத்துக்குக் கீழே என் வசனம். ‘இதுவே எங்கள் ஊர்’ என்ற இடத்தில் கோடு கீறியிருந்தார்கள். அடியில் என் கையெழுத்து.

அதை நான் மறைத்திருக்கலாம். அங்கே நின்றவர்களில் அந்த அலுவலகக் கடிதத்தை வாசித்து விளங்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். பதில் வரவில்லை, வேறு ஏதோ கடிதம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். என்னுடைய வசனத்தையும் வாசித்தேன்.

மாமி மட்டும் கேட்டார்.

“நீ எழுதினதுதானே பிள்ளை இது?”

“ஓம் மாமி.”

“அப்ப அழிச்சு எழுதேலாதோ?”

அவர் குரலில் குற்றச்சாட்டு இருக்கவில்லை. இருந்திருந்தால் நல்லது. கொப்பியில் பிழை விட்ட பிள்ளையிடம் கேட்பதைப் போலத்தான் கேட்டார்.

அழித்து எழுதப் போனேன். மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். பெயர் மக்களின் விருப்பத்தின்படி வைக்கப்பட்டது, மாற்ற வழியில்லை என்றார்கள். ஒரு மேசையில் இருந்தவர், நீங்கள் கேட்டுத்தானே தந்தோம் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. பெயரில் என்ன குறை என்றும் கேட்டார். விளக்கிச் சொன்னேன். எனக்கு நன்றாக விளக்கத் தெரியும். அவர் பேனையை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடிந்ததும் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஒருநாள் காலையில் பெயர்ப்பலகை முழுக்கத் தார் பூசியிருந்தது. தோணியின் அடியில் பூசுகிற தார். அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பாவின் நகங்கள் கறுத்திருந்ததைக் கண்டேன். அந்தக் கிழமைக்குள்ளேயே அலுவலக ஆட்கள் வந்து துடைத்து, முன்பைவிடப் பளிச்சென்று புதிதாக எழுதிவிட்டுப் போனார்கள்.

இந்த வருடம் மனு எழுதவில்லை. எழுதுகிற ஒவ்வொரு விதத்தையும் யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊருக்குப் போக விடுங்கள் என்று தொடங்கினால், எந்த ஊர் என்று கேட்பார்கள். பெயரை எழுத வேண்டும். பெயரை எழுதினால் அது சந்தியில் இருக்கிறது. பெயரில்லாமல், களப்போரத்தில் சிலுவை தெரிகிற இடம் என்று எழுதினால் அதை யார் மனு என்று எடுப்பார்கள்? படிப்பு என்று நான் சேர்த்து வைத்தது அத்தனையும் அந்த வெள்ளைத் தாளுக்கு முன்னால் ஒன்றுக்கும் உதவவில்லை.

பழைய கொண்டக்டர் சென்ற மாதம் வேறு வீதிக்கு மாறிப் போனார். அதுவரைக்கும் அப்பா ஊரின் பெயரைச் சொல்ல, அவர் மெஷினில் அந்த மற்றப் பெயரை அமர்த்தி, துண்டை மடித்துக் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். எனக்கு இது தெரியாமல் இருந்தது.

புதியவர் வந்த அன்று களப்பு வீதியில் எனக்கும் வேலை இருந்தது. அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பஸ் நிலையத்தை விட்டு இன்னும் நகரவில்லை. அப்பா வழமைபோல ஊரின் பெயரைச் சொன்னார். கொண்டக்டர் மெஷினைப் பார்த்தார், பிறகு யன்னலால் பலகையைப் பார்த்தார்.

“இதுதானே ஐயா அது. அங்கதானே நிக்கிறியள்.”

அவர் பகிடி பண்ணவில்லை. வெளியூர் ஆள், அவருக்கு ஒன்றும் தெரியாது. முன் சீற்றிலிருந்த எங்கள் ஆட்கள் இருவர் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே முன்னால் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அப்பா என் மடியில் கையை வைத்தார்.

“காம்ப் வாசல் ஒண்டு,” என்றார்.

மெஷின் துண்டைத் தள்ளியது. அப்பா அதை வாங்கி என்னிடம் நீட்டினார்.

“பாரன் மோள், சரியா அடிச்சிருக்கோ எண்டு.”

ஏறும் இடம் என்ற வரியில் எங்கள் ஊர் இருந்தது. இறங்கும் இடம் என்ற வரியில் காம்ப் வாசல்.

“ஓம் அப்பா,” என்றேன். “சரியாத்தான் கிடக்கு.”