மலை வாங்கின ஓட்டைக் கயாக்

பள்ளி வேன் ஓட்டுகிறவரை எல்லாரும் மலை என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா வைத்த பேர் ஒன்று லைசென்ஸில் இருக்கிறது, அதைப் போலீஸ்காரர்கள் மட்டும்தான் வாசிப்பார்கள். வேனில் ஏறும் வாண்டுகளுக்கு அவர் மலை அண்ணன், பெற்றோர்களுக்கு மலை சார், பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களுக்கு வெறும் மலை. வேனின் பின்கதவில் யாரோ 'அகலமான சரக்கு' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒட்டினது எந்த வாண்டு என்று தெரிந்தும் அவர் கேட்கவில்லை, கிழிக்கவும் இல்லை. அப்படிப்பட்ட மனுஷன்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. ஞாயிற்றுக்கிழமை ஏரியில் மீன் பிடிக்கவேண்டும், உட்கார்ந்து பிடிக்கவேண்டும். இதெல்லாம் ஒரு ஆசையா என்று கேட்கிறவர்கள் அந்தக் கரைக்கு வந்து பார்க்கட்டும். கரை நெடுகக் கோரைப்புல். தூண்டிலை வீசினால் புல்தான் மாட்டும். புல் இல்லாத நாலு இடத்தில் மடக்கு நாற்காலிக்காரர்கள் பட்டா வாங்கின மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். மலையும் ஒரு தடவை மடக்கு நாற்காலி கொண்டுபோனார். அது மடங்கிவிட்டது, அவரையும் சேர்த்து. கரையே சிரித்தது. மீன் மாட்டியிருந்த ஒருத்தன் மீனை விட்டுவிட்டுச் சிரித்தான். அன்றிலிருந்து மலை நின்றுகொண்டுதான் பிடிக்கிறார். வாரம் பூரா கிளட்ச் மிதித்து முட்டி தேய்ந்தவர் லீவு நாளிலும் நிற்கவேண்டும் என்றால் இது எந்த ஊர் நியாயம்?

நடு ஏரியில் மீன் துள்ளும். அங்கே நாற்காலியும் இல்லை, சிரிக்க ஆளும் இல்லை. ஒரு கயாக், ஒற்றை ஆள் துடுப்புப் போட்டுப் போகிற சின்னப் படகு, அது மட்டும் இருந்தால் போதும்.

மலையின் மனைவி தையல்காரி. வீட்டு முன்னறைதான் கடை. ஜன்னல் ஓரம் மிஷின், கதவுக்குப் பின்னால் கொக்கியில் பாதி தைத்த சீருடைகள், தரையெல்லாம் நூல். மலையின் சட்டைகளும் அவள் தைத்ததுதான். அவர்மேல் அளவு நாடா வைக்கமாட்டாள், கண்ணாலேயே வெட்டுவாள். தைத்து முடித்ததும் கழுத்துப் பட்டிக்குள் 'லார்ஜ்' என்று சின்னதாக ஒரு லேபிள் வைப்பாள். கல்யாணத்தப்போ அவர் போட்டிருந்தது லார்ஜ். அப்புறம் துணி எத்தனையோ மீட்டர் கூடியது, லேபிள் கூடவில்லை. அன்றைக்கு இருந்த எண்பத்தைந்து கிலோவும் அவள் வாயில் அப்படியே இருந்தது. அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ரெண்டு பேரும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

கயாக் கடைக்கு மூன்று பேராகப் போனார்கள். மூன்றாவது ஆள் மனைவியின் தம்பி. கேட்காமலே கருத்து சொல்லுவான், கேட்டால் இன்னும் அதிகமாகச் சொல்லுவான்.

கடைக்காரர் முதலில் நன்றாகத்தான் பேசினார். "முதல் தடவையா சார்? அப்போ காலை உள்ள நுழைச்சு உட்கார்ற மாடல் வேண்டாம். கவிழ்ந்தா வெளிய வர்றது பாடு. மேல உட்கார்ற மாடல் எடுங்க, தூண்டிலை எடுக்க வைக்க வசதி. நீளமா இருந்தா வேகமா போகும், அகலமா இருந்தா ஆடாது. மீன் பிடிக்கிறவருக்கு வேகம் எதுக்கு?" அப்புறம் கேட்டார். "உங்க எடை எவ்வளவு சார்?"

மலை வாயைத் திறந்தார். தம்பி காதைத் திறந்தான்.

"எண்பத்தஞ்சு," என்றாள் மனைவி.

கடைக்காரர் மலையை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு இடமிருந்து வலம் பார்த்தார், அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "சரி மேடம்," என்று சொல்லி, போன வருஷத்திலிருந்து மூலையில் தூசி வாங்கிக்கொண்டிருந்த மஞ்சள் கயாக்கை இழுத்துப் போட்டார். "நூத்திப்பத்து கிலோ தாங்கும்." லைஃப் ஜாக்கெட் என்ன சைஸ் என்றதற்கும் மனைவிதான் பதில் சொன்னாள். "லார்ஜ்." ஜிப் பாதி வழியில் நின்றுவிட்டது. போகப்போகச் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை கரையில் தூண்டில், கொக்கிப் பெட்டி, ஐஸ் பெட்டி, டீ ஃபிளாஸ்க் எல்லாவற்றையும் ஏற்றி, மலையும் ஏறினார். இடுப்பளவுத் தண்ணீர்தான். நாலு தடவை துடுப்புப் போட்டிருப்பார், சீட்டுக்குக் கீழே ஜில்லென்றது. கயாக்கின் அடித்தட்டில் ஓட்டைகள் இருந்தன. அவை வழியாகத் தண்ணீர் மேலே ஏறி வந்தது, யாரோ அழைத்த மாதிரி. படகு முழுகியிருந்தாலாவது ஒரு மரியாதை. அது முழுகவும் இல்லை, நகரவும் இல்லை. தொப்புள் வரை தண்ணீரில், கையில் துடுப்போடு மலை உட்கார்ந்திருந்தார். ஃபிளாஸ்க் மட்டும் சுதந்திரமாக மிதந்து போனது.

நாற்காலிக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். தம்பி கரையிலிருந்து கேட்டான், "மாமா, சோப்பு வேணுமா?"

ஈர உடம்போடு, வேன் கூரையில் கயாக்கைக் கட்டிக்கொண்டு, மனைவியையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு மலை நேரே கடைக்கு வந்தார். ஸ்டிக்கருக்கு வராத கோபம் அன்றைக்கு வந்தது.

"ஓட்டைச் சாமானை வித்திருக்கீங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, குனிஞ்சு எண்ணிப் பாருங்க."

"சார், அது தண்ணி வெளிய போறதுக்கு வச்ச ஓட்டை," என்றார் கடைக்காரர். "மொட்டைமாடியில மழைத்தண்ணி இறங்க வழி இருக்கில்ல, அந்த மாதிரி. மாடி மேல இருக்கிற வரைக்கும் தண்ணி இறங்கும். மாடியையே ஏரிக்குள்ள அமுக்கினா ஏறத்தான் செய்யும். எண்பத்தஞ்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? கணக்கு உங்க பக்கம் ஒழுகுது. நனைஞ்ச சாமானை நாங்க திரும்ப எடுக்கிறதில்ல."

"விடுங்க மாமா," என்றான் தம்பி. "பழையபடி நின்னே பிடிங்க. உங்களுக்கு எதுக்கு உட்கார்ற ஆசையெல்லாம்?"

மலைக்குக் காது சுட்டது. ஒரு எண்ணைச் சொன்னால் பேச்சு வேறு மாதிரி திரும்பும். ஆனால் அதைச் சொன்னால் தம்பி முன்னால் அவள் பொய்க்காரி ஆவாள். இத்தனை வருஷம் தன்னைக் காப்பாற்றின பொய்யை எப்படிக் காட்டிக்கொடுப்பது? "எண்பத்தஞ்சுதாங்க," என்றார். "வா, போலாம்." திரும்பி நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் ஷூ பொளக் பொளக் என்றது.

ஈரச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கழுத்துப் பட்டி மடங்கி, லேபிள் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மனைவி அதையே பார்த்தாள்.

"நூத்தி இருபத்தாறு," என்றாள்.

மலை நின்றுவிட்டார்.

"டாக்டர்கிட்ட எடை மிஷின்ல ஏறினப்போ பக்கத்துல நான்தான் நின்னேன். நூத்தி இருபத்தாறு. பொய் சொன்னது நான். அது எங்க வீட்டுப் பொய், அதை நாங்க பார்த்துக்கிறோம். உங்களுக்குக் கண்ணு இருந்துச்சில்ல? மேலயும் கீழயும் பார்த்தீங்களே. பார்த்துட்டு, விக்காம கிடந்ததை எடுத்து எங்க தலையில கட்டினீங்க. நடு ஏரியில கவிழ்ந்திருந்தா? ஜிப்பு ஏறாத ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு இவர் என்ன பண்ணியிருப்பார்? அப்பவும் கணக்கு ஒழுகுதுன்னு சொல்லுவீங்களா?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒரு குடும்பம் கையில் எடுத்த துடுப்பைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்தது.

"மேடம், கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"மெதுவா பேசித்தான் எண்பத்தஞ்சு ஆச்சு."

தம்பி மூக்கால் சிரித்தான். "நூத்தி இருபத்தாறா?"

"உன் பேன்ட் இடுப்பை வருஷா வருஷம் பிரிச்சு விடறது யாரு?" என்றாள் அக்கா. "எத்தனைன்னு இங்கயே சொல்லட்டுமா?"

தம்பிக்குத் திடீரென்று சுவரில் மாட்டியிருந்த மிதவைகள் மேல் பெரிய ஆர்வம் வந்துவிட்டது.

கடைக்காரர் மஞ்சளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அகலமாக ஒரு பச்சைக் கயாக்கை வெளியே கொண்டுவந்தார். விலை வித்தியாசத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "இது இருநூத்தி முப்பது தாங்கும். ஆளு, பெட்டி எல்லாம் சேர்த்து மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஏத்தாதீங்க. அதான் முறை," என்றார். புது ஜாக்கெட்டின் ஜிப் கழுத்து வரைக்கும் ஏறியது. அதில் என்ன சைஸ் போட்டிருந்தது என்று யாரும் படிக்கவில்லை.

பாதி வழியில் மலை வேனை ஓரம் கட்டினார்.

"நூத்திப்பத்துல மூணுல ரெண்டு பங்கு எவ்வளவு?"

"எழுபத்தி மூணு சொச்சம்," என்றாள் மனைவி.

"அப்போ எண்பத்தஞ்சுக்கே அந்த மஞ்சள் சரியில்ல. கல்யாண மாப்பிள்ளையா போயிருந்தாலும் அதைத்தான் என் தலையில கட்டியிருப்பான்." மலை வண்டியைத் திருப்பப் பார்த்தார்.

"ஏங்க," என்றாள் அவள். "ஏரிக்கு விடுங்க."

அவர் கியரைப் போட்டார். "லேபிளை இனிமே மாத்திடுவியா?"

"அது இருக்கும்."

ஏரியில், கரை ஓரமாகவே முதலில் வேண்டுமென்று தண்ணீரில் விழுந்து, திரும்ப ஏறிப் பழகினார். மூணாவது தடவை நாற்காலிக்காரர்களுக்கே சிரித்து அலுத்துவிட்டது. அப்புறம் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார். நடு ஏரியில், உலர்ந்த சீட்டில், காலை நீட்டி உட்கார்ந்தார். கரையிலிருந்து பார்த்தால் மலை சின்னதாகத் தெரிந்தது.

சாயந்திரம் திரும்பி வந்தபோது கொக்கியில் உள்ளங்கை அளவு ஒரு மீன் தொங்கியது.

"எத்தனை கிலோ இருக்கும்க்கா?" என்று தம்பி கேட்டான்.

"ரெண்டு," என்றாள் அவள், மீனைப் பார்க்காமலே.

தம்பி மீனைப் பார்த்தான். தன் பேன்ட் இடுப்பையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"இருக்கும்," என்றான்.