மதினி கேட்ட நரகம்

எழுபதுகளில் நாங்கள் சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அடுத்த வீடு உபதேசியாருடையது. வாரத்தில் ஆறு நாள் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுவார்; பாதிரியார் எப்போதாவதுதான் மலையேறி வருவார் என்பதால் ஞாயிறு ஆராதனையை அவரே நடத்துவார். அவர் மனைவியும் நானும் ஒரே நிரையில் கொழுந்து எடுத்தோம். அவர்கள் வேதக்காரர்கள், நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் எனக்கு அவள் மதினிதான்.

அவர்களுடைய ஒரே மகன் இருபது வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அடக்கத்தில் ஜெபம் சொல்ல உபதேசியார் மறுத்துவிட்டார்.

“தன்னைக் கொன்னவனுக்கு மோட்சம் கிடையாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கேன். எம்பிள்ளைக்கு மட்டும் வேற நியாயமா?” என்றார்.

மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவனைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு வருடம் போனது. ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்த ஒருவர் புதிதாக ஒரு சபையில் சேர்ந்தார். நரகத்தில் யாரும் காலமெல்லாம் எரிய மாட்டார்கள், கெட்டவர்கள் வைக்கோல்போல எரிந்து இல்லாமல் போவார்கள், அவ்வளவுதான் என்று லயம் லயமாகச் சொன்னார். உபதேசியாருக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் இருவரும் வேதத்தை விரித்து உட்கார்ந்தார்கள். நல்ல மழை. மதினி போனாள், கூட நானும் போனேன்.

“மோட்சம் நித்தியம்னா நரகமும் நித்தியம்தான். ஒரே வார்த்தைக்கு ரெண்டு அர்த்தமா?” என்றார் உபதேசியார்.

“அழிஞ்சா அழிஞ்சதுதான் ஐயா, அந்த அழிவுதான் நித்தியம். காலமெல்லாம் போட்டு வதைக்கிறதுக்கு ஆண்டவர் என்ன கங்காணியா?” என்றார் ஃபிட்டர்.

யாரோ சிரித்தார்கள். மூன்று மணி நேரம் இப்படியே போயிற்று. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. மதினி தூணில் சாய்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

திரும்பும்போது, “யாரு சொன்னது சரின்னு படுது மதினி?” என்றேன்.

“ஒருத்தர் எம்பிள்ள இன்னும் எரியுறான்னு சொல்லுதாரு. இன்னொருத்தர் அவன் இல்லவே இல்லன்னு சொல்லுதாரு. எரிஞ்சாலும் எங்கயாச்சும் இருக்கட்டும்னு ஒரு நிமிசம் நெனச்சிட்டேன். பெத்தவ நெனைக்கிற நெனப்பா இது?”

“எங்கள்ல திரும்பப் பொறப்பாங்கன்னு சொல்லுவாங்க” என்றேன்.

“மறுபடியுமா? ஒரு தடவ பொறந்ததுக்கே அலுத்துப்போயில்லா போனான்.”

அதே பேச்சை அவள் வீட்டிலும் பேசினாள். லயத்துச் சுவர் மெல்லிசு, எல்லாம் கேட்கும். “அவன் எங்க இருக்கான்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?” என்றாள். “தெரியாது” என்றார் உபதேசியார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் கல்லறை மேட்டுக்கு நடந்தார். மதினி வெளியே நின்ற என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். எல்லாரும் பார்க்க, மகனுக்குச் சொல்லாமல் விட்ட அடக்க ஜெபத்தை அங்கே சொன்னார். பாதியில் ஜெபப் புத்தகத்தை அவளிடம் நீட்டினார். மீதியை மதினி சொன்னாள்.

செய்தி பாதிரியாருக்குப் போயிற்று. கூப்பிட்டு விசாரித்தார்கள். “நரகம் இல்லன்னு நான் சொல்லல. எனக்குத் தெரியாத ஒண்ணுக்காக ஜெபம் பண்ணினேன்” என்றாராம். அவரை உபதேசியார் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஃபிட்டர் சந்தோஷமாக வந்து, “எங்க பக்கம் வந்துட்டீங்க ஐயா” என்றார்.

“நான் எந்தப் பக்கமும் வரல தம்பி. எனக்குக் கொஞ்சம் உக்காரணும், அவ்வளவுதான்.”

மதினிக்கு மனசு ஆறியதா என்றால், இல்லை. ஆனால் அவர்கள் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அவனுக்கு நெத்திலிக் கருவாடு பிடிக்குமா பிடிக்காதா என்று ஒருநாள் சாயங்காலம் இருவரும் சண்டை போட்டார்கள். வேலை முடிந்த அலுப்பில் நான் எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.