கையில மட்டும் கட்டாதீங்க

இது 1997-ல் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் அப்போது செங்கம் ரோட்டில் கடை வைத்திருந்த யாரிடமாவது, வாட்ச் ரிப்பேர் சகாதேவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றிவிடுவார்கள்.

சகாதேவனுக்குத் தன் கை மேல் அப்படியொரு திமிர். "இந்தக் கைக்குத் தப்பின வாட்ச்சு ஜில்லாவுலயே இல்ல" என்பான். அந்தக் கைதான் அவனுக்குச் சோறு போட்டது.

அன்று பௌர்ணமி. சாயங்காலமே கிரிவலக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. இடது கையைத் துண்டால் மூடி மார்போடு அணைத்தபடி ஒரு பெரியவர் கடைக்குள் வந்தார். ஊர் அடி அண்ணாமலையாம், பெயர் சடையனாம். வலது கையால் ஒரு பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் வைத்தார்.

உள்ளே வெள்ளிக் கடிகாரம். ஒரு காலத்தில் சட்டைப்பையில் சங்கிலியோடு கிடந்தது. பிற்பாடு யாரோ இரண்டு பக்கமும் வளையம் பற்றவைத்து, தோல் வார் கோத்து, கைக்கடிகாரமாக்கியிருந்தார்கள்.

"நெசமாவே பழசா, டூப்ளிகேட்டானு பாத்துச் சொல்லுங்க. நாளைக்கு வரேன். ஆனா கையில மட்டும் கட்டாதீங்க."

"ஏன்?"

"வேணாங்க."

அவ்வளவுதான். போய்விட்டார்.

சகாதேவன் பின்மூடியைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தான். இயந்திரத்தில் இருந்த எண்ணும் மூடியில் இருந்த எண்ணும் ஒன்றுதான். எல்லாம் அசல். சாவி கொடுத்தான். ஓடவில்லை. மூடி மட்டும்... வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ கையிலிருந்து கழற்றியது போல.

சந்தேகம் வந்துவிட்டது. கட்டினால் குட்டு உடைந்துவிடும் என்றுதானே கிழவர் கட்டாதே என்கிறார்? மேஜையில் கிடக்கும்போது ஒரு மாதிரி, கையில் ஒரு மாதிரி ஓடுவது கடிகாரத்தின் குணம். கட்டிப் பார்க்காமல் எந்த ரிப்பேர்க்காரனும் முடிவு சொல்ல மாட்டான்.

இடது கையில் கட்டினான்.

டிக்... டிக்...

ஓடியது! சிரித்தபடி கழற்றப் போனான். வார் ஒரு துளை உள்ளே தள்ளி மாட்டியிருந்தது. அவன் மாட்டவில்லை.

இன்னொரு துளை...

விரல்கள் வெளுத்தன. நீலமாயின. கத்தரி வாரில் இறங்கவே இல்லை.

"யாராவது வாங்களேன்! என் கை!"

"அரோகரா!" என்றது கூட்டம்.

இன்னும் உரக்கக் கத்தினான்.

"அரோகரா!"

டிக்டிக்டிக்...

பக்கத்துக் கடை ராமகிருஷ்ணன் எட்டிப் பார்த்தபோது சகாதேவன் தரையில் கிடந்தான். மணிக்கட்டுக்குக் கீழே கை கரியாகக் கறுத்திருந்தது. கடிகாரம் மேஜை மேல், பொட்டலத்துக்குள், ஓடாமல் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் கையை எடுத்துவிட்டார்கள். காரணம் டாக்டருக்கே பிடிபடவில்லை. பாவம், அதோடும் விடவில்லை. "இல்லாத கை டிக் டிக்னு துடிக்குதுடா" என்று சகாதேவன் தூங்காமல் அழுதான்.

கடிகாரத்தை வாங்கிப்போகச் சடையன் திரும்ப வரவே இல்லை. கொஞ்ச நாள் கழித்து ராமகிருஷ்ணன் அடி அண்ணாமலைக்கே போய் அவரைப் பிடித்தான். பெரியவர் துண்டை விலக்கிக் காட்டினார். இடது மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"தெரிஞ்சேவா குடுத்தீங்க?"

"வேற கை கெடச்சாதாங்க அது நம்மள விடும். இப்பதான் நிம்மதியா தூங்குறேன்."

"அப்ப எதுக்குக் கட்டாதீங்கன்னு சொன்னீங்க?"

"வாட்ச்சுக்காரன்கிட்ட அப்படிச் சொன்னாதானே கட்டுவான்."

இதைச் சொல்வதற்காக ராமகிருஷ்ணன் சகாதேவன் வீட்டுக்கு ஓடினான். வீடு பூட்டியிருந்தது.

பஸ் ஸ்டாண்டில் பார்த்தவர்கள் சொன்னார்கள். காலையிலேயே வேலூர் பஸ் ஏறிவிட்டானாம். இடது கையைத் துண்டால் மூடியிருந்தானாம். வலது கையில் ஒரு பொட்டலம்.