தண்ணீர் பார்க்கப் போன அம்மா

எங்கள் வீட்டில் மலைக்குப் போவது என்றால் முதலில் முடிவாவது மலை அல்ல, சாப்பாடு.

அப்போது நான் நாலாம் வகுப்பு. சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தோம். ஏலகிரிக்குப் போய் ஒரு நாள் முழுக்க மலைப்பாதையில் நடக்கப்போகிறோம் என்று அப்பா திடீரென்று அறிவித்தார். ஆபீஸில் யாரோ போய்விட்டு வந்து போட்டோ காட்டியிருக்க வேண்டும். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், பல்லாவரத்திலிருந்து அத்தையும் மாமாவும் வந்துவிடுவார்கள். அப்பா லேப்டாப்பில் மலையின் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டுவார். இந்த வளைவில் இட்லி, அந்தப் பாறையில் புளியோதரை, அதற்கு மேல் நிழல் இருந்தால் தயிர்சாதம். மாமாவுக்குச் சர்க்கரை, பசி தாங்கமாட்டார். அத்தைக்கு முட்டிவலி, ஆனால் விட்டுவிட்டுப் போனால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள். அந்தப் பாதைக்கு என்ன பெயர் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. உருளைக்கிழங்கு எந்தத் திருப்பத்தில் என்று கேட்டால் நான்கூடச் சொல்லிவிடுவேன்.

அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து வாராவாரம் ஒரே கேள்வியைக் கேட்டாள். "உச்சி வரைக்கும் போவோம் இல்ல?"

"அதெல்லாம் போய்க்கலாம். நீ மொதல்ல சட்னியா, மொளகாப்பொடியான்னு சொல்லு" என்பார் அப்பா.

அவள் அதை அப்படியே நம்பினாள். விடியற்காலையில் எழுந்து ஏரியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். புடவைக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ! பால் வாங்க வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன அண்ணி, ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் குடுத்திருக்கீங்களா?" என்று அத்தை கிண்டலடித்தாள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். மறுநாளும் நடக்கப் போனாள். தனக்கென்று எதற்காவது அவள் அத்தனை ஆசைப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

போகிற நாளும் வந்தது. வேனை அடிவாரத்தில் விட்டுவிட்டு, ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். முதல் நிழல் வந்ததும் மாமா உட்கார்ந்துவிட்டார். இட்லி முடிந்தது. "இத்தயெல்லாம் எதுக்குச் சொமக்கணும்? பேஜாரு. இங்கயே சாப்ட்டுட்டா கையாவது லேசாவும்" என்று அவர் ஒரு யோசனை சொன்னார். எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது. புளியோதரை, உருளைக்கிழங்கு, தயிர்சாதம் என்று மலை முழுவதற்குமான திட்டம் அந்த ஒரே மரத்தடியில் நிறைவேறியது. அம்மா பரிமாறினாள். அப்பா ஜமுக்காளத்தை விரித்துச் சாய்ந்துகொண்டார்.

"வியூ இங்கயே சூப்பரா இருக்கு. மேல போனாலும் இதே மலைதான்."

அம்மா டப்பாக்களைத் துடைத்து மூடினாள். கொஞ்ச நேரம் மேலே போகிற பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம், "மேல தண்ணி இருக்கான்னு பாத்துட்டு வரேன்டி" என்றாள்.

"தண்ணிதான் இங்கயே இருக்கேம்மா!" என்று நிரம்பிய பாட்டில்களைக் காட்டினேன். அவள் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

அப்பா கண்விழித்து ஃப்ளாஸ்க் காபி கேட்டபோதுதான் அவளைக் காணோம் என்பது தெரிந்தது. மேலே தண்ணீர் பார்க்கப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. செல்போனில் கூப்பிட்டார், டப்பாப் பைக்குள்ளிருந்து மணி அடித்தது. அத்தை, பாம்பு கீம்பு இருக்குமோ என்று ஆரம்பித்தாள். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அதனால் அத்தனை பெரிய மலையைப் பார்த்து, "இந்தாம்மா... இங்க பாரு... இந்தாம்மா!" என்று கத்திக்கொண்டே இருந்தார். பாவமாக இருந்தது. மாமா கீழே ஆள் கூட்டிவரக் கிளம்பிய நேரத்தில் அம்மா நிதானமாக இறங்கி வந்தாள். புடவைக் கரையெல்லாம் ஒட்டுப்புல். முகம் சிவந்து, வேர்த்து, வேறு யாரோ மாதிரி இருந்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்ச? உயிரே போயிடுச்சு!" அப்பாவின் குரல் உடைந்தது.

"இவகிட்ட சொல்லிட்டுத்தானே போனேன். தண்ணி பாக்கப் போனேன்."

"கெடைச்சுதா?"

"கெடைச்சுது" என்றாள் அம்மா. அவள் கையில் ஒரு பாட்டில்கூட இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நான் அவள் தோளில் சாய்ந்துகொண்டு, உச்சியில் என்ன இருந்தது என்று கேட்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கொஞ்சம் யோசித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"யாருமே இல்லடி" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐயோ பாவம், அவ்வளவு பெரிய மலையில் அம்மா தன்னந்தனியாக எப்படிப் பயந்திருப்பாள்! இனிமேல் அவளை எங்கேயும் தனியாக விடக்கூடாது என்று முடிவெடுத்து அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். வீடு வந்து சேரும்வரை விடவே இல்லை.