பூசையில் வைத்த கம்ப்யூட்டர்

கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரம் ஒரு பழைய இரும்புக் கடையில்தான் அதை முதலில் பார்த்தேன். பார்க்க வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும், ஆனால் முழு கம்ப்யூட்டரும் அதற்குள்ளேயே அடக்கம். டி.வி.யில் சொருகினால் எழுத்து தெரியும். நாம் எழுதியதை எல்லாம் சாதாரண கேசட்டில் பதிந்து வைத்துக்கொள்ளும். வெளிநாட்டுக் கழிவுச் சரக்கோடு கப்பலில் வந்ததாம். எல்லோரும் சிடி, செல்போன் என்று ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அதைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எனக்குப் படிப்பு பத்தாவதோடு சரி. இரும்பாலையில் எலக்ட்ரீஷியனுக்கு உதவி ஆள். மார்கழி ஆனால் பஜனையில் பாடுவேன். இந்தப் பொட்டியில் ஒரு சுரத்துக்கு ஒரு எண் என்று தெரிந்த நாளில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே நேரத்தில் மூன்று குரல் பாடும். ஒன்றில் முருகன் காவடிச் சிந்து மெட்டு வைத்தேன், ஒன்றில் சுருதி. மூன்றாவதில் காவடித் தாளம். அதில் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் வரும். அந்த இரைச்சலைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டால் ஜால்ரா மாதிரியே கேட்டது. ஜால்ரா வந்த அன்று தணிகை முருகன் படத்துக்கு முன்னால் நின்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு ஆலையில் தீபாராதனை முடிந்ததும் ஐந்து நிமிடம் வாசிக்க ஃபோர்மேன் அனுமதி கொடுத்தார். இரண்டு வாரம் கால் தரையில் படவில்லை. என் கூட வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர், ஆந்திரா எல்லைப் பக்கத்துக்காரர், தினமும் என்னை வம்புக்கு இழுப்பார்.

"இன்னா நைனா, பாட்டு வருமா, பொக வருமா?"

"வந்து கேளுண்ணே."

"நம்ம மில்லு மோட்டாரும்தான் கத்துது. அத்தப் போயி வாத்தியம்னு சொல்றமா? மெசினு மெசினுதான்."

அது எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. ஒரு தடவை கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயுத பூசை அன்று காலை குளித்துவிட்டு, வருடா வருடம் செய்வது போல டெஸ்டர், கட்டிங் பிளேயர், சைக்கிள், மனைவியின் தையல் மெஷின், மகளின் புத்தகம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். அந்த உற்சாகத்தில் கம்ப்யூட்டருக்கும் வைத்தேன். பூ சாத்திக் கற்பூரமும் காட்டினேன். கற்பூரம் அணைந்த பிறகு மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"இத்தயும் பூசையில வச்சிட்டீங்களே, மத்தியானம் எப்டி எடுத்துக்கினு போவீங்க?"

பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூசை போட்ட பிறகுதான் தொட வேண்டும். சின்ன வயதில் இருந்து நான் அதை மீறியதில்லை. ஒரு தடவை அன்றைக்கு ஃபியூஸ் போனபோதுகூட டெஸ்டரைத் தொடாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம். ஆலையில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. இங்கே சாமி முன்னால் அது சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருக்கிறது. என் கையாலேயே வைத்தது.

"போவல" என்றேன்.

அவள் தையல் மெஷினில் இருந்து நழுவிய பூவைச் சரி செய்துகொண்டே சொன்னாள்: "கோயில்ல இன்னிக்கி மேளக்காரங்க மேளத்துக்குப் பொட்டு வச்சி இன்னிக்கே வாசிக்கிறாங்க. யாரும் தப்புன்னு சொல்றதில்ல. வேல செய்யிற மெசினுன்னா தொடாதீங்க. வாத்தியம்னா எடுத்துக்கினு போங்க. எதுன்னு நீங்கதான சொல்லணும்."

நான் படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டு, "முருகா, இன்றைக்கு இதில் உன் மெட்டைத் தவிர வேறொன்றும் வாசிக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்து எடுத்தேன். பொட்டைத் துடைக்கவில்லை.

ஆலையில் ஆரணியில் இருந்து வந்த மைக்செட்காரர் என் டி.வி.யின் சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் இணைத்துக் கொடுத்தார். கேசட்டைப் போட்டேன். கேசட்டில் இருப்பது கம்ப்யூட்டருக்குள் ஏற நாலு நிமிடம் ஆகும், அதுவரை 'கீ' என்று ஒரு கர்ணகடூரமான சத்தம் வரும். வீட்டில் ஒலியைக் குறைத்துவிடுவேன். அன்று பதற்றத்தில் மறந்துவிட்டேன். ஆலை முழுக்க அலறியது. குடும்பத்தோடு வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"இதான் பாட்டா? போதும்பா, சுண்டலக் குடுங்க" என்றார் ஃபிட்டர். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலை நிமிரவில்லை. உதட்டுக்குள் முருகா முருகா என்றுகொண்டிருந்தேன்.

அலறல் நின்றது. சுருதி எழுந்தது. பிறகு மெட்டு, அதன் மேல் தாளம். ஜால்ரா விழுந்த இடத்தில் வெல்டர் ஒருவர் தோளில் காவடி இருப்பது போல ஆட ஆரம்பித்தார். பெண்கள் கை தட்டினார்கள். ஃபோர்மேன் பூசை மணியை எடுத்துத் தாளத்தோடு ஆட்டினார். எனக்கு உடம்பு முழுக்க மயிர்க்கூச்செறிந்தது.

முடிந்ததும் ஃபிட்டர்தான் முதலில் வந்தார். "சினிமாப் பாட்டு ஒன்னு போடேன்."

கேசட்டின் மறுபக்கத்தில் இருந்தது. போட்டால் ஆலையே எழுந்து ஆடியிருக்கும். ஆசை தொண்டை வரை வந்தது. "இன்னிக்கி வாண்டாம்ணே. நாளைக்கி பூசை எடுத்தப்புறம் ஊட்டுக்கு வாங்க" என்றேன். அவர் பொட்டியின் மேல் இருந்த பொட்டைப் பார்த்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மனைவியோடு வந்து நின்றார். நான் மறுபூசை முடித்து, கேசட்டின் மறுபக்கத்தைப் போட்டேன். மறுபடி அந்த அலறல். அவர் மனைவி முகத்தைச் சுளித்து, "இன்னாயா இது பேஜாரு" என்று எழப் போனார்.

ஃபிட்டர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சும்மா இரு. சுருதி சேத்துக்கினு கீது."