பன்னிரண்டாம் பெயர்

சபை மூப்பர் மாசிலாமணி வருடா வருடம் சொல்லும் சாட்சியைப் பூவம்மா பத்துத் தடவை கேட்டிருந்தாள்.

ஜப்பான்காரன் சரணடைந்த செப்டம்பர் மாதத்தில் சிங்கப்பூரின் அந்தத் தமிழ்ச் சபைக்கு நினைவு ஞாயிறு வரும். போரில் மாண்ட சபையார் பதினோரு பேரின் பெயர்களைப் போதகர் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் "கர்த்தரின் கையில்" என்று சபை பதில் சொல்லும். அதற்கு முன் சாட்சி நேரம். கர்த்தர் தன்னை மீட்ட விதத்தை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். முதலில் எழுகிறவர் மாசிலாமணிதான்.

"சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் புடிச்சாங்க. பட்டியல்ல என் பேரு இருந்துச்சு. கர்த்தர் அதை எடுத்துப் போட்டாரு" என்று தொடங்குவார். பிறகு சிரிப்புப் பகுதி வரும். சயாமிலிருந்து தப்பி வந்தவர்கள் மாசிலாமணி காலராவில் போய்விட்டான் என்று சொல்ல, சபை அவருக்கு நினைவு ஆராதனையே நடத்திவிட்டது. "மறுவாரம் நான் ஜொகூர்லேருந்து வந்து வாசல்ல நிக்கிறேன். எனக்குப் போட்ட மாலை ஆணியில தொங்குது லா" என்பார். சபை ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சிரிக்கும்.

அப்படியானால் மாசிலாமணி என்ற பெயரில் செத்தவன் யார்? அதை ஒருவரும் கேட்டதில்லை.

பூவம்மா கேட்க வேண்டியதில்லை. செத்தவன் அவள் புருஷன் சேதுபதி.

நாற்பத்து மூன்றில் இரண்டு குடும்பமும் தஞ்சோங் பகார் துறைமுகக் கூலிக் குடியிருப்பில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தன. மாசிலாமணி மலேரியாவில் நினைவு தப்பிக் கிடந்தான். அவன் மனைவி பிள்ளை பெற்று இருபது நாள். விடிகாலையில் முற்றத்தில் லாரி வந்து நின்றது. குடியிருப்புக் கணக்கெழுதும் கிராணி பட்டியல் வாசித்தார். பதில் வராத பெயருக்குச் சிப்பாய்கள் அறைக்குள் புகுந்து ஆளை இழுத்து வருவார்கள். நோயாளி என்றாலும் லாரியில் தூக்கிப் போடுவார்கள். மாசிலாமணி பெயரை இரண்டாம் முறை வாசித்தபோது, பட்டியலிலேயே இல்லாத சேதுபதி கையைத் தூக்கினான். கிராணிக்கு ஆள் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவன் புள்ளகுட்டிக்காரன். நீ சமாளிச்சுக்குவே" என்று பூவம்மாவிடம் சொல்லிவிட்டு லாரியில் ஏறினான் சேதுபதி. அந்த ஒரு வார்த்தைக்காக அவனை அவள் வருடக்கணக்காகத் திட்டினாள். என்னைக் கேட்டானா? ஒரு வார்த்தை கேட்டானா? திட்டிக்கொண்டே தேக்கா சந்தையில் வாழையிலை விற்றாள். எந்தச் சோப்புக்கும் போகாத கறை விரல்களில் ஏறியது.

மாசிலாமணி கண் விழித்தது மூன்றாம் நாள். பெயர் சயாமுக்குப் போன பிறகு ஆள் சிங்கப்பூரில் நடமாட முடியாது. ராவோடு ராவாக மனைவி, பிள்ளையோடு ஜொகூருக்கு ஓடியவன் போர் முடிந்துதான் திரும்பினான். வந்ததும் பூவம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதான். "கொஞ்சம் பொறு தங்கச்சி. சபையில நானே சொல்றேன்" என்றான்.

அவள் பொறுத்தாள். அதற்குள் அவளே சபைக்கு வந்து சேர்ந்தாள். பஃபலோ ரோட்டில் வீடு வீடாக வேதம் சொல்லித்தந்த அம்மாள், ஒருவர் எல்லாருடைய இடத்திலும் நின்று செத்தார் என்று சொன்னபோது மற்றப் பெண்கள் விழித்தார்கள். பூவம்மா விழிக்கவில்லை. "இதுல புரியாம என்ன இருக்கு? எங்க வீட்லயே நடந்திருக்கே" என்றாள். நாற்பத்தேழில் ஞானஸ்நானம் எடுத்தாள்.

ஐம்பத்தேழில் சபை, போரில் மாண்டவர்களுக்குச் சலவைக்கல் ஒன்று பதிக்கத் தீர்மானித்தது. சேதுபதி பெயரையும் வெட்ட வேண்டும் என்று பூவம்மா கேட்டாள். ஞானஸ்நானம் பெற்றவர் பெயர் மட்டும்தான் என்றது கமிட்டி. கமிட்டித் தலைவர் மாசிலாமணி அன்று மேசையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

அவள் நேரே போதகர் வீட்டுக்குப் போனாள். சற்குணம் பாளையங்கோட்டையிலிருந்து புதிதாக வந்தவர். இளம் வயது, நல்ல மனிதர்.

"அவரு மீட்கப்பட்டாரா இல்லையா ஐயா? அதை மட்டும் சொல்லுங்க."

"கர்த்தருடைய மரணம் எல்லாருக்கும் போதும்மா. மருந்து எல்லாருக்கும் இருக்கு. ஆனா குடிச்சவங்களுக்குத்தானே குணமாகும்? விசுவாசம்தான் குடிக்கிறது. அவங்க விசுவாசிச்சாங்களா?"

"முனியாண்டியக் கும்பிட்டாரு."

போதகர் வருத்தத்தோடு கையை விரித்தார்.

பக்கத்து வீட்டு ஆமினா பீவி, பஃபலோ ரோட்டுக் கறிக்கடைக்காரர் மனைவி, கதையைக் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினாள். "செத்தவரு சொர்க்கத்துக்குப் போறதுக்கு ஒங்கள்ல கமிட்டி கூடணுமாக்கா? எங்கள்ல அல்லாவே முடிவு பண்ணிக்குவான்."

"எங்க ஆண்டவரும் முடிவு பண்ணிட்டாரு. இவங்களுக்குத்தான் இன்னும் சேதி வரல" என்றாள் பூவம்மா.

நினைவு ஞாயிறு வந்தது. சாட்சி நேரம் என்று போதகர் சொல்லி வாய் மூடவில்லை. மாசிலாமணி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுவதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து பூவம்மா எழுந்தாள்.

"நான் ரட்சிக்கப்பட்ட கதையைச் சொல்ல எந்திரிக்கல. மூப்பரு ரட்சிக்கப்பட்ட கதையைச் சொல்றேன். அவரு வருஷா வருஷம் பாதிதான் சொல்றாரு."

முற்றம், லாரி, கிராணி, தூக்கிய கை எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. வேதக்கோயிலில் கை விசிறிகள் நின்றுவிட்டன.

"அம்மா, உக்காருங்க. அப்புறம் பேசலாம்" என்றார் போதகர்.

"சாட்சி சொல்றவளை உக்காரச் சொல்ல சட்டம் இல்லீங்க ஐயா. மருந்தைக் குடிச்சவனுக்குத்தான் குணம்னீங்க. இந்த மூப்பரு எதைக் குடிச்சாரு? என் புருஷன் லாரியில ஏறுனப்ப இவரு நெனவில்லாமக் கெடந்தாரு. நம்பல, கேக்கல, நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லல. ஆனாலும் பொழச்சாரு. மூட்டை தூக்குற ஒரு கூலி, நீ என்னை நம்புறியான்னு கேக்காம ஒருத்தனைக் காப்பாத்துறான். ஆண்டவரு அந்தக் கூலிய விடச் சின்ன மனசுக்காரரா?"

போதகர் தடுமாறினார். "மனுஷனுக்காக மனுஷன் சாவறது பெரிய காரியம்தாம்மா. ஆனா அது பாவத்தைப் போக்காது."

"போக்கும்னு நான் சொல்லலியே. அவரு யாரோட பாவத்தையும் போக்கல. ஆண்டவரு எல்லாருக்காகவும் செத்தாருன்னா அந்த எல்லாருக்குள்ள அவரும் ஒருத்தரு. அவ்வளவுதான் நான் கேக்குறது."

ஆண்கள் பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. மாசிலாமணி எழுந்து நின்றார். அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அவ சொல்றது நெசம். கர்த்தர் பேரைச் சொல்லிச் சொல்லி அவன் பேரை முழுங்கிட்டேன்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம் கமிட்டி கூடியது. ஐந்துக்கு நான்கு என்று பூவம்மா தோற்றாள். எதிர்த்து வாக்களித்த ஐந்து பேரும் மனம் கேட்காமல் ஓர் ஏற்பாடு சொன்னார்கள்: கோயில் கேட்டுக்கு வெளியே, நாகமரத்தடியில், சேதுபதி பெயரில் ஒரு சிமெண்டு பெஞ்சு. போதகரே வந்து அதைச் சொன்னார்.

"வெளியில உக்காரவா ஐயா அவரு லாரியில ஏறுனாரு?" என்று கேட்டாள் பூவம்மா. பெஞ்சு கட்டப்படவில்லை.

மாசிலாமணி மூப்பர் பதவியை விட்டார். அவள் சபையை விட்டுப் போவாள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். எதற்காகப் போக வேண்டும்? சிலுவையை அவர்கள் பூட்டி வைத்திருக்கவில்லையே. அவள் முன்னைவிட முந்தி வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அடுத்த வருட நினைவு ஞாயிற்றில் கல் திறந்தார்கள். போதகர் பதினோரு பெயர்களையும் வாசித்து, பதில் கேட்டு, புத்தகத்தை மூடப் போகையில், பெண்கள் பக்கத்திலிருந்து உரத்த குரல் வந்தது.

"சேதுபதி."

பிறகு ஆண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சிலிருந்து மாசிலாமணியின் கரகரத்த குரல் மட்டும் கேட்டது: "கர்த்தரின் கையில்."

போதகர் பதில் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் பதினோராம் பெயருக்குப் பின் பூவம்மா எழுந்தாள். இரண்டாம் வருடம் சந்தைப் பெண்கள் நாலு பேர் பதில் சொன்னார்கள். ஒரு வருடம் போதகர் நிறுத்தாமல் ஜெபத்துக்குப் போய்ப் பார்த்தார். ஜெபத்தின் நடுவே எழுந்தாள். மறுவருடம் அவரே பதினோராம் பெயருக்குப் பின் இடைவெளி விட்டார். அறுபத்து மூன்றில் பாதிக் கோயில் பதில் சொன்னது.

அன்று ஆராதனை முடிந்து திரும்பியவளை ஆமினா பீவி வாசலில் பிடித்தாள். "பாதிக் கோயிலே சொல்லுதாமே. இன்னும் என்னக்கா வேணும் ஒனக்கு?"

"மீதிப் பாதி" என்றாள் பூவம்மா. செருப்பைக் கழற்றாமலே நின்றாள். மனு எழுதித் தருபவர் கடையைப் பூட்டுவதற்குள் போக வேண்டும். கல்லில் பெயர் வெட்டக் கேட்டுக் கமிட்டிக்கு அவள் கொடுக்கும் ஏழாவது மனு இது. "கல்லுல அடியில எடம் இருக்கு. நான் அளந்து பாத்துட்டேன்."